எட்டுப் பேர் கேட்ட கேசட்

1986 ஜூலை 6

இந்த டைரி மச்சான் தம்மாமிலிருந்து கொண்டுவந்தது. ராத்தாவுக்குத்தான் கொடுத்தார். அவள் இதில் மளிகைச் சாமான் எழுதிவந்தாள். உளுந்து, மல்லி, சீரகம் என்று ஆறு பக்கம் போனதும் பொறுக்க முடியாமல் நான் தூக்கிக்கொண்டேன். டைரிக்கும் ஒரு மானம் மரியாதை உண்டு.

என்னைப் பற்றி: ரம்ஸியா, வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு. குரல் திருடி. பெரிய டீச்சர், மீன்காரம்மா, பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் எல்லாருடைய குரலும் என் தொண்டையில் குடியிருக்கிறது. உம்மாவின் குரலில் "மைமூன், பால் பொங்குது!" என்று கத்தி ராத்தாவை மாடியிலிருந்து இரண்டு முறை ஓடிவர வைத்திருக்கிறேன். மூன்றாவது முறை உண்மையாகவே பால் பொங்கியது. அவள் வரவில்லை.

வாப்பா மவுத்தாகி மூன்று வருஷம். வீட்டில் உம்மா, எனக்கு மூத்தவளான ராத்தா, நான். ராத்தாவின் மாப்பிள்ளைதான் சுல்தான் மச்சான். எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவார். ஆனால் வயதுக்கு வந்த கொழுந்தியாள் அவர் கண்ணில் படக் கூடாது, காதிலும் விழக் கூடாது. மச்சான் மறுபடி வேலைக்காகத் தம்மாமுக்குச் சபர் போவதற்கு முன்பு இங்கே இருந்தது நாற்பத்திரண்டு நாள். அத்தனை நாளும் சொந்த வீட்டில் திருடி மாதிரி நடந்தேன். தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்மினேன். மச்சானுக்குத் தெரிந்தவரை நான் ஒரு வதந்தி.

இன்னொரு வேலையும் நடக்கிறது. அலமாரியில் அட்டை போன புத்தகம் ஒன்று கிடக்கிறது. பழைய அரபு நாட்டுக் கிஸ்ஸாக்கள், தமிழில். எல்லாவற்றையும் படித்து எண்ணினேன். மொத்தம் நாற்பத்தொரு கதை. புருஷன் பயணம் போகிற கதை இருபத்தாறு. முதல் வரியில் அவன் கதவைச் சாத்திவிட்டுப் போவான், மூன்றாவது வரியில் அவள் கதவைத் திறப்பாள். திறக்காத பெண்டாட்டி மூன்றே பேர். அந்த மூன்று பேரில் ஒருத்தி கல்லாகிறாள், ஒருத்தி சாகிறாள், ஒருத்தி ஊமையாகிறாள். பயணம் என்ற சொல்லைக் கொஞ்சம் கலைத்துப்போட்டால் பணயம். போகிறவனுக்குப் பயணம், இருக்கிறவள் பணயம்.

ராத்தாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "பாடத்துல இப்படி எண்ணியிருந்தா பாஸாவது ஆயிருப்பே" என்றாள்.

ஜூலை 9

இன்று ராத்தா மச்சானுக்குக் கேசட் பேசினாள். கடிதம் எழுதினால் அவளுக்கு நாலு வரிக்கு மேல் வராது. அதனால் மச்சான் டேப்ரிக்கார்டரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஊரிலிருந்து யாராவது சபர் போனால் அவர்கள் கையில் கேசட்டைக் கொடுத்துவிடுவோம்.

கதவைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, வேர்க்க வேர்க்கப் பேசினாள். "அஸ்ஸலாமு அலைக்கும். நான் மைமூன் பேசுறேன்." வேறு யார் பேசப்போகிறார்கள்! ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சின்னதாக மூச்சை உள்ளே இழுப்பாள், சூடான டீயைத் தொடுகிற மாதிரி. பேசுவதெல்லாம் உப்பு, புளி, கிணற்றுத் தண்ணீர் குறைந்தது, பூனை குட்டி போட்டது. அதனால்தான் மச்சான் அவள் கேசட்டை ரூமில் எல்லோர் முன்பும் தைரியமாகப் போடுவாராம். போன கடிதத்தில் எழுதியிருந்தார். 'இங்கே எட்டுப் பேரும் நம்ம வீட்டுப் பூனையின் நலம் விசாரிக்கிறார்கள்.'

ஒரு பக்கம் முழுக்கப் பேசினாள். மறுபக்கத்தில் எட்டு நிமிஷம் போனதும் சரக்குத் தீர்ந்தது. "சரிங்க. வேற என்ன சொல்ல..." என்று சொல்லி நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஜூலை 10

மறுபக்கத்தை வீணாக்கலாமா?

'வேற என்ன சொல்ல' என்ற இடத்திலிருந்து நான் பிடித்துக்கொண்டேன். மூச்சை இழுத்து, ராத்தாவாகி, "உங்கள்ட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்" என்று ஆரம்பித்தேன். சொன்னது பதினேழாவது கிஸ்ஸா. வியாபாரி கப்பலேறியதும் அவன் பெண்டாட்டி அத்தர்க்காரனை வீட்டுக்குள் விடுவாள். மாமியார் வரும் சத்தம் கேட்டு அவனை ஜாடிக்குள் ஒளிப்பாள். பஸராவை எடுத்துவிட்டு எங்கள் தெருவைப் போட்டேன். ஜாடிக்குப் பதில் எங்கள் வீட்டு அரிசிப் பெட்டி. 'அவள்' வருகிற இடமெல்லாம் 'நான்'. அழுகையும் போட்டேன். அது கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் நன்றாக வந்தது.

கடைசி வரி: "பயந்துட்டியளா மச்சான்? நான் ரம்ஸியா. இது கதை." எட்டுப் பேரும் சிரித்து உருளப்போகிறார்கள். எனக்கும் ஒரு குரல் உண்டு என்று மச்சானுக்குத் தெரியட்டுமே.

கடைசி வரியைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், பட்டன் தானாகத் துள்ளிக் கிடந்தது. நாடா தீர்ந்திருந்தது. கடைசி வரி பதிவாகியிருக்கும். அநேகமாக. போட்டுக் கேட்பதற்குள் சபர் போகிற ஹாஜாமைதீன் காக்கா வாசலில் வந்து நின்றார். உம்மா கேசட்டை ஒரு காலுறைக்குள் திணித்து, மாசிக் கருவாட்டோடு கொடுத்துவிட்டார்கள்.

ஜூலை 13

அநேகமாக என்பது ஒரு நல்ல சொல் இல்லை. அரிசியில் கல் பொறுக்கினேன்.

ஜூலை 29

வழக்கமாக இந்நேரம் கடிதம் வந்திருக்கும். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனபோது சைக்கிள் மணியைக்கூட அடிக்கவில்லை. கணக்கில் இருபத்திரண்டு மதிப்பெண். உம்மாவின் கையெழுத்தையும் திருடலாமா என்று யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 4

கடிதம் வந்தது. மச்சானின் கடிதம் எப்போதும் நாலு பக்கம் இருக்கும். ராத்தா அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். உடனே இறங்கி வந்தாள். ஒரே வரிதான்.

'உன் கேசட்டைக் கேட்டேன். எட்டுப் பேரும் கேட்டோம்.'

உம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "என்ன புள்ள பேசினே?"

"பூனை குட்டி போட்டத சொன்னேன் உம்மா" என்றாள் ராத்தா. பிறகு என்னைப் பார்த்தாள். நான் பூனையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6

பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். தலைப்பு: மரம் வளர்ப்போம். வீட்டில் ராத்தா மூன்று முறை கேட்டாள், "என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று. "கணக்குல இருபத்திரண்டு" என்றேன். அதுவும் உண்மைதானே.

நாளைக்குச் சொல்லலாம். இன்று அவளுக்குத் தலைவலி.

ஆகஸ்ட் 10

மச்சானின் தம்பி தமீம் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, நடையிலேயே நின்றார். திரைக்கு இந்தப் பக்கம் உம்மாவும் ராத்தாவும். நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவலை நிறுத்தினால் நான் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும் என்பதால் துருவிக்கொண்டே இருந்தேன். மூன்று தேங்காய்.

"அந்த அத்தர்க்காரன் யாருன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க மாமி. வேற எதையும் நான் கேக்கல."

"எந்த அத்தர்க்காரன் வாப்பா? என்ன பேசுறிய நீங்க?"

"அவ வாயாலயே சொல்லியிருக்கா. அரிசிப் பெட்டில ஒளிச்சு வெச்சாளாம். அழுது அழுது சொல்லியிருக்கா. அப்படியே பாதில நிறுத்திட்டா. சுல்தான் காக்கா அந்தக் கேசட்ட மிதிச்சு ஒடச்சிட்டாரு. ரூம்ல அவரால தலை நிமிர முடியல."

ராத்தா மெதுவாக அடுக்களைப் பக்கம் திரும்பினாள். மூன்றாவது தேங்காயில் என் விரலும் கொஞ்சம் போயிற்று.

பாதியில் நிறுத்தம். அப்படியானால் கடைசி வரி பதிவாகவில்லை.

ஆகஸ்ட் 12

வாரம் ஒரு நாள் எங்கள் தெருவுக்கு வருகிற அத்தர்க்காரரை அடித்துவிட்டார்கள். மேலப்பாளையத்துக்காரர், பல்லே கிடையாது, பேரன் எடுத்தவர். பெட்டியைத் தரையில் போட்டு உடைத்திருக்கிறார்கள். தெரு முழுக்க மல்லிகையும் சந்தனமும் மணக்கிறது. கல்யாண வீடு மாதிரி.

இவரை மனதில் வைத்து நான் சொல்லவே இல்லை. கிஸ்ஸாவில் அத்தர்க்காரன் என்று இருந்தது. வளையல்காரன் என்று இருந்திருந்தால் வளையல்காரன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 14

ராத்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. குரல் கட்டிப்போயிருக்கிறது. கேட்டால் சளி என்கிறாள்.

ஆகஸ்ட் 17

ஹஜ்ஜுப் பெருநாள். சம்பந்தி வீட்டிலிருந்து குர்பானிக் கறி வரும் என்று உம்மா மசாலா அரைத்து வைத்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். லுஹர் தொழுகை ஆயிற்று. அஸர் ஆயிற்று. எதிர்வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, அதற்கும் அடுத்த வீட்டுக்கெல்லாம் கறியோடு ஆள் வந்துபோனது. மஃரிபுக்குப் பிறகு உம்மா அரைத்த மசாலாவைக் குப்பையில் கொட்டினார்கள். நான் மாடிக்கு ஏறினேன்.

ராத்தா மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"கடுதாசி வந்த அன்னைக்கே. என் குரல்ல நான் பேசாதத யாரு பேசுவா? ஊர்ல எத்தன ரம்ஸியா இருக்கா?"

"அப்பவே ஏன் ராத்தா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "பதிமூணு நாள் பாத்தேன். நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குத் தங்கச்சி மேல பழி போடுறான்னு சொல்லுவாங்க. நீயா சொன்னாத்தான் அது சாட்சி."

உம்மாவிடம் சொன்னேன். உம்மா அகப்பையால் அடித்தார்கள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு மறுபடி அடித்தார்கள்.

ஆகஸ்ட் 18

மச்சானுக்கு ஆறு பக்கம் எழுதினேன். பதினேழாவது கிஸ்ஸாவை வரிக்கு வரி எழுதினேன். புத்தகத்திலிருந்து அந்தத் தாள்களையே கிழித்து உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 25

ராத்தா அந்தக் கிஸ்ஸாப் புத்தகத்தைக் கேட்டாள். அடுப்பில் போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, உட்கார்ந்து படித்தாள். மூன்று நாளாகப் படிக்கிறாள்.

"நீ ஒண்ண எண்ணாம விட்டுட்டே" என்றாள். குரல் ஈர விறகு மாதிரி வருகிறது. "இதெல்லாம் யாரு சொன்ன கதைன்னு எண்ணினியா?"

"யாரு?"

"பயணம் போனவங்க. பாலைவனத்துல ஒட்டகத்த கட்டிப்போட்டுட்டு, சத்திரத்துல பத்துப் பேர் படுத்துக்கிட்டு, தூக்கம் வராம ஒருத்தருக்கொருத்தர் சொன்னது. வீட்ட நெனச்சா பயம் வரும்ல. அந்தப் பயத்துக்கு ஒரு பொம்பள வேஷம் போட்டு விட்டுட்டாங்க. வீட்டுல இருந்தவ சொன்ன கதைன்னு இதுல ஒண்ணு இருக்கா பாரு."

மீதி இருந்த நாற்பதையும் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை.

"அவங்க ரூம்லயும் எட்டுப் பேர்" என்றாள். "நீ கேசட்டுல புதுசா எதுவும் சொல்லிடல புள்ள. அவங்க ஏற்கெனவே பயந்துக்கிட்டு இருந்ததத்தான் சொல்லியிருக்கே."

இது எனக்கு ஆறுதலா, இல்லையா என்று தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 2

மச்சானின் பதில் தமீமுக்கு வந்திருக்கிறது, எங்களுக்கு இல்லை. 'தங்கச்சி கடுதாசியும் இவள் சொல்லி எழுதினதுதான். அரபுக் கதையைப் படித்துவிட்டு அதே மாதிரி செய்திருக்கிறாள், இப்போது அதையே கதை என்கிறாள். அவள் தங்கச்சி குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படி ஒருத்தியால் முடியும் என்று எதை வைத்து நம்புவது?'

நாற்பத்திரண்டு நாள் தலையணைக்குள் தும்மியிருக்க வேண்டாம்.

உம்மா ஜமாஅத்துக்கு மனுக் கொடுத்தார்கள். பிள்ளை பேசிக் காட்டட்டும், கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று. வயதுப் பெண் ஆண்கள் முன்னால் குரல் காட்டலாமா என்று இரண்டு நாள் பேசினார்களாம். திரைக்குப் பின்னால் என்றால் கூடும் என்று முடிவாகியிருக்கிறது. ராத்தா தப்பு செய்யவில்லை என்று ஜமாஅத் எழுதிக் கொடுத்தால் மச்சான் ஏற்றுக்கொள்வார் என்று தமீம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

செப்டம்பர் 6

காலையிலிருந்து மாடியில் பயிற்சி. கேசட்டில் பேசின மாதிரியே வருகிறது, மூச்சு இழுக்கிற இடம்கூடத் தப்பவில்லை. உம்மா கீழேயிருந்து இரண்டு முறை "மைமூன்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும். தமீமின் வாய் பிளந்து நிற்பதைத் திரையில் ஓட்டை இருந்தால் பார்ப்பேன்.

செப்டம்பர் 7

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜமாஅத் தலைவர் ஹாஜியார் வீட்டுக் கூடம். பச்சைத் திரை. அந்தப் பக்கம் ஹாஜியார், இரண்டு பெரியவர்கள், தமீம். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். ஒருவர் மடியில் ஒருவர் கை.

ஹாஜியார் நல்ல மனிதர். பரிவாகத்தான் பேசினார். "பயப்படாதிய. ரெண்டு பேரும் ஒரே வரியச் சொல்லணும். யாரு முதல்ல, யாரு அடுத்ததுன்னு எங்களுக்குச் சொல்ல வேணாம். பிரிச்சுச் சொல்ல முடியலன்னா சின்னப் புள்ள சொல்றது நெசம். சலாம் சொல்லி, நான் மைமூன் பேசுறேன்னு சொல்லுங்க. அது போதும்."

நான் முதலில் சொன்னேன். மூச்சை இழுத்து, அப்படியே. ஜூலை மாதத்து ராத்தா.

அடுத்து ராத்தா சொன்னாள். "அஸ்ஸலாமு அலைக்கும். நான் மைமூன்..." அதற்கு மேல் காற்றுதான் வந்தது. ஒரு மாதமாக அழுது, சாப்பிடாமல், பேசாமல் இருந்த தொண்டை. ஓலையைத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. நாங்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்த குரல்தான். அதனால்தானோ என்னவோ, இது எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. நான் எந்த ராத்தா மாதிரிப் பேச வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் ஹாஜியார் சொன்னார். "இது வேற, அது வேற. குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அவளுக்குத் தொண்டை கட்டியிருக்குங்க" என்றார்கள் உம்மா. "முன்னாடி இவ பேசின மாதிரிதான் அவ பேசுவா. அல்லா அறிய."

"அந்தக் கேசட் இருந்தா ஒத்துப் பாக்கலாம். அது இல்ல. இப்ப காதுல விழுறத வெச்சுத்தானேம்மா சொல்ல முடியும்?" பிறகு, "சரி. இன்னொரு தடவ பாப்போம். சின்னப் புள்ள மட்டும் சொல்லட்டும்."

அப்போது புரிந்தது. இப்போதைய குரலைப் பேசிவிட்டால் போதும். உடைந்த இடம், காற்று, பாதியில் நிற்பது. எனக்கு அது தெரியும். எந்தக் குரலையும் இவ்வளவு நாள் இவ்வளவு பக்கத்திலிருந்து கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். ராத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரல் வரவில்லை. என் தொண்டையிலும் சளி. அதுதான் காரணம். இஞ்சி தட்டிக் குடிக்க வேண்டும்.

"ராத்தா மேல உள்ள பாசத்துல வந்திருக்கா" என்றார் ஹாஜியார். "அதுக்காக இவளத் திட்டாதிய. மைமூன், நீ ஏதாச்சும் சொல்லணுமா?"

ராத்தா எழுந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி வெளியே கொண்டுவந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அங்க எட்டுப் பேர் கேட்டிருக்காங்க. அதுல ஒருத்தர் கூடவா, ஏன் சுல்தான், உன் பொஞ்சாதி இப்படிப் பேச மாட்டாளேன்னு சொல்லல? என் மாப்பிளைக்கும் ஒரு தடவகூடத் தோணலயா?"

டீ கொண்டுவந்து வைத்தார்கள். தமீம் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

செப்டம்பர் 19

உம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். மரம் வளர்ப்போம் கட்டுரைக்கு இரண்டாம் பரிசாம். யாரோ சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோழிக்கூட்டின் ஓட்டையை அதை வைத்து அடைத்தேன்.

அக்டோபர் 1

தலாக் கடிதம் வந்தது. இதிலும் ஒரே வரிதான். ராத்தா மச்சானின் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அட்டைப் பெட்டியில் அடுக்கி, தமீம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். டேப்ரிக்கார்டரையும் துடைத்து அவற்றின் மேலே வைத்திருந்தாள். காலர் மடிப்பு ஒன்றுகூடக் கோணவில்லை.

அக்டோபர் 19

நாலு வீடு தள்ளி ஒரு கல்யாணம். ராத்தா தலாக்குக்குப் பிறகான இத்தாவில் இருப்பதால் மூன்று மாதம் வெளியே வர முடியாது. உம்மாவுக்கு முகம் இல்லை. யாராவது தலை காட்ட வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். "வாயத் தொறக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எனக்கும் ஒரு இடத்தில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. ராத்தா விஷயம் தெரிந்தும் வந்த ஒரே இடம்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ஒரு சஹனுக்கு நாலு பேர், ஒரே தட்டில் நாலு கை. என் எதிரில் வெளியூரிலிருந்து வந்த ஒரு மாமி. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"இந்தத் தெருவுலதானாமே நடந்துச்சு? மாப்பிள சபர் போயிருக்காரு. அவ அத்தர்க்காரன உள்ள விட்டிருக்கா. மாமியா வர்ற சத்தம் கேட்டதும் அரிசிப் பெட்டில போட்டு மூடி, அது மேலயே உக்காந்து தஸ்பீஹ் மணி உருட்டினாளாம்!"

மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தஸ்பீஹ் உருட்டுவது கிஸ்ஸாவில் கிடையாது. நானும் சொல்லவில்லை. இவர்களாகச் சேர்த்தது. நன்றாகத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

நான் கையை எடுத்தேன். என் சொந்தக் குரலில் பேசினேன். அது எப்படி இருக்கும் என்றே எனக்குச் சரியாகத் தெரியாது. கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"அவ ஒண்ணும் செய்யல மாமி. நான் அவ தங்கச்சி. அவ குரல்ல கேசட்டுல பேசினது நான். அத்தர்க்காரனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. கதைப் புத்தகத்துல இருந்தத நான் சொன்னேன். வெளையாட்டுக்கு. நாடா தீந்துபோச்சு."

பக்கத்துச் சஹனிலும் பேச்சு நின்றது. எனக்குப் பேசின இடத்துக்காரர்கள் இரண்டு சஹன் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கேட்டிருக்கும்.

மாமியின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு மெல்ல இளகியது. கண்கூட லேசாகக் கலங்கியது. பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தியா, கூடப் பொறந்தவ. தன் வாழ்க்கையே போனாலும் பரவால்லன்னு பழியத் தன் மேல போட்டுக்கிறா" என்றார். நல்ல கறியாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். "சாப்பிடு கண்ணு. ஒன்னய மாதிரி தங்கச்சி கெடைக்க அவ குடுத்து வெச்சிருக்கணும்."

இனி இந்தக் கதையை அவர் தன் ஊரில் சொல்லும்போது தங்கச்சியும் அதில் வருவாள். ராத்தாவுக்காகப் பொய் சொன்னவளாக.

வீட்டுக்கு வந்ததும் ராத்தா கேட்டாள், "என்ன நடந்துச்சு?" என்று. எல்லாவற்றையும் சொன்னேன், தஸ்பீஹ் உட்பட.

"நீ செஞ்சதுன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"பாசக்காரப் புள்ளன்னு கறி வெச்சாங்க."

ராத்தா என் கையைப் பார்த்தாள். "சாப்பிட்டியா?"

பசித்தது. சாப்பிட்டேன்.